கரண்ட் வந்தும் எழாத சர்வர்: ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை வலுத்த ஒரு ராத்திரி. எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்கிறது, கரண்ட் போகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வருகிறது. அலமாரியில் வீட்டு சர்வராக எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் விளக்கு எரிகிறது. ஆனால் வீட்டுப் படங்கள் மொபைலில் திறக்கவில்லை, பின்கட்டுக் காளான் குடிலின் வெப்பநிலைப் பதிவு எட்டு மணியோடு நின்றுபோயிருக்கிறது. "கரண்ட் அடிச்சதுல எல்லாம் போயிடுச்சு" என்று முடிவு கட்டி, மெமரி கார்டை அழித்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் நிறுவ உட்காருகிறார்கள்.

பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. நிறுவிய அன்று அந்த நிரலை ஓடவிட்டிருப்பார்கள். அடுத்த முறை கருவி எழும்போது அதுவும் கூடவே எழ வேண்டும் என்று யாரும் சொல்லி வைத்திருக்க மாட்டார்கள். "ஆன் பண்ணியாச்சு" என்கிற ஒரே பேச்சுக்குள் இரண்டு தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், வீட்டு சர்வரில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பின்னால் வரும் அமைப்புக் கோப்புகளில் மட்டும், பகுதித் தலைப்பும் சமக்குறிக்கு முன்னால் வரும் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்; கூட்டுச் சொல்லானால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அப்படியே. முக்கியமான கட்டளை சிஸ்டம்சிடிஎல். 'சிஸ்டம்' என்ற சொல்லோடு சி, டி, எல் என்ற மூன்று எழுத்தையும் இடைவெளியில்லாமல் ஒட்டினால் அதுதான்.

சர்வீஸ் என்பது எது

மொபைலில் ஒரு ஆப்பைத் தொட்டால் திறக்கும், மூடினால் போய்விடும். சர்வீஸ் அப்படிப்பட்டதில்லை. திரையே இல்லாமல், யாரும் உள்ளே நுழையாமல், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு சர்வீஸ் என்று பெயர். படம் காட்டும் ஜெல்லிஃபின், ஃபோல்டரைப் பகிரும் சாம்பா, குடிலின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சின்ன பைத்தான் நிரல் எல்லாம் சர்வீஸாக ஓடக்கூடியவை. இவற்றுக்குத் தொடுவதற்குப் பட்டன் கிடையாது. அதனால்தான் டெர்மினல், அதாவது எழுத்தால் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரை, தேவைப்படுகிறது.

புதியவர்கள் முதலில் தடுக்குவதும் அந்தக் கறுப்புத் திரையில்தான். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (வேறொரு கணினியின் டெர்மினலை வலைவழியே திறக்கும் கருவி) வழியாக சர்வருக்குள் போய், 'பைத்தான்3 பதிவு.பிஒய்' என்று அடித்து ஓடவிடுகிறார்கள். வேலை செய்கிறது. லேப்டாப்பை மூடுகிறார்கள். தொடர்பு அறுந்ததும் அந்தத் திரையைப் பிடித்து நின்ற நிரலுக்கும் 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை போகிறது, நிரல் நின்றுவிடுகிறது. தொடர்பு அறுந்தாலும் திரையை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் மாதிரி கருவியைக் கொண்டு இதைத் தாண்டலாம். ஆனால் கரண்ட் போனால் டீமக்ஸும் சேர்ந்தேதான் போகும். திரையை நம்பி நிற்காத ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

மஸ்டரும் செக்ரோலும்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் மஸ்டர், அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புகிறார். வேலைக்கு நடுவில் கை போதவில்லை என்றால், பதிவில் இல்லாத ஒருவரையும் கூப்பிட்டு இறக்கிவிடலாம். அவரும் மற்றவர்களைப் போலவே கொழுந்து பறிப்பார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மறுநாள் காலை மஸ்டரில்தான் தெரியும்: அவர் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சர்வரில் மேஸ்திரியின் பெயர் சிஸ்டம்டி. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' என்பது இப்போதே காட்டுக்கு அனுப்புவது. 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' என்பது செக்ரோலில் பெயர் எழுதுவது. ஸ்டார்ட் செய்தால் பெயர் ஏறாது. எனேபிள் செய்தால் ஆள் இப்போது காட்டுக்குப் போக மாட்டார், அடுத்த மஸ்டரில்தான் போவார். கருவி ஒவ்வொரு முறை எழுவதும் ஒரு புது மஸ்டர்.

இரண்டையும் ஒரே அடியில் முடிக்க 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் குடில்' என்று கொடுக்கலாம். குடில் என்பது நம் வெப்பநிலைப் பதிவு சர்வீஸுக்கு வைத்த பெயர். சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று சொல்லும் முன்சொல். ஸ்டாப், டிஸேபிள் இரண்டும் இதே கணக்குதான்: ஸ்டாப் ஆளைத் திருப்பி அழைக்கிறது, டிஸேபிள் பெயரை அடிக்கிறது. ஒரு சர்வீஸை ஸ்டாப் மட்டும் செய்துவிட்டு, கரண்ட் போய் வந்ததும் அது மறுபடி ஓடுவதைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு.

இங்கே குழப்பத்தைக் கூட்டும் விஷயம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவுகிற சர்வீஸ்கள் பெரும்பாலும் தாமாகவே ஸ்டார்ட்டும் ஆகி எனேபிளும் ஆகிவிடும். இன்னொரு வகையான ஃபெடோராவில் பெரும்பாலும் ஆகாது. நாமே எழுதிச் சேர்ப்பவை எந்தச் சிஸ்டத்திலும் தானாக ஆகாது. ஒருவர் "நான் ஒண்ணுமே செய்யல, தானா வருதே" என்பதும் இன்னொருவர் "எனக்கு வரலியே" என்பதும் இரண்டுமே உண்மைதான்.

சுருக்கிச் சொன்னால்: ஸ்டார்ட் இன்றைக்கு, எனேபிள் நாளைக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

உள்ளே உண்மையில் நடப்பது

லினக்ஸ் எழும்போது கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாகக் கையாளும் அடிப்படை நிரல், முதலில் வருகிறது. அது ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைக்கிறது. அதற்கு எண் 1. இன்றைய டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எல்லாவற்றிலும் அந்த ஒன்றாம் எண் சிஸ்டம்டிதான். 2010-இல் வெளிவந்தது, டெபியனில் 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக இருக்கிறது. மற்ற சர்வீஸ்களை அது எழுப்புகிறது.

எதை எப்படி எழுப்புவது என்று அதற்குச் சொல்லும் சின்ன எழுத்துக் கோப்புதான் யூனிட் கோப்பு. எனேபிள் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டளை கொடுத்ததும் 'கிரியேட்டட் சிம்லிங்க்' என்று ஒரு வரி வரும். சிம்லிங்க் என்றால் வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் பெயர்ப்பலகை. /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற ஃபோல்டருக்குள் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பெயர்ப்பலகை அங்கே மாட்டப்படும். உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அந்த ஃபோல்டருக்குக் கொடுத்துப் பாருங்கள். அதுதான் நம் செக்ரோல், வரிசையாகப் பெயர்கள். டிஸேபிள் செய்தால் அந்தப் பெயர்ப்பலகை மட்டும் போகும், நிரலுக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்டேட்டஸில் இரண்டு வரி

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் குடில்' என்று கேட்டால் பத்துப் பதினைந்து வரி கொட்டும். பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் திருப்தியோடு மூடிவிடுவது வழக்கம். பார்க்க வேண்டியது இந்த இரண்டு வரி:

லோடட்: லோடட் (/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/குடில்.சர்வீஸ்; டிஸேபிள்டு; ப்ரீசெட்: எனேபிள்டு)
ஆக்டிவ்: ஆக்டிவ் (ரன்னிங்)

இரண்டாம் வரி இப்போதைய நிலை: ஆள் காட்டில் இருக்கிறார். முதல் வரியின் அடைப்புக்குறிக்குள் கோப்பின் இடத்தை அடுத்து வருவதுதான் செக்ரோல். இங்கே 'டிஸேபிள்டு'. ஓடுகிறது, ஆனால் கரண்ட் போய் வந்தால் எழாது. அதற்கும் அடுத்து ஒரு 'எனேபிள்டு' இருக்கிறதே, அதை நம்பி ஏமாறாதீர்கள். ப்ரீசெட் என்பது அந்த லினக்ஸ் பதிப்பின் பொதுவான பரிந்துரை, உங்கள் சர்வீஸின் நிலை இல்லை. டெபியன் வகையில் அது பெரும்பாலும் எனேபிள்டு என்றே இருக்கும். பழைய பதிப்புகளில் 'வெண்டார் ப்ரீசெட்' என்று வரும். கண் வரியின் கடைசிச் சொல்லுக்குத்தான் ஓடும், அதனால் இந்தத் தவறு மிகச் சாதாரணம். சந்தேகமிருந்தால் 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு குடில்' என்று கேளுங்கள், ஒரே சொல்லில் பதில் வரும்.

ஆக்டிவ் வரியில் வேறு சொற்களும் வரலாம். 'இன்ஆக்டிவ் (டெட்)' என்றால் இப்போது ஓடவில்லை, அவ்வளவுதான். டெட் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து அழித்து நிறுவ வேண்டாம். 'ஃபெயில்டு' என்றால் முயன்று தோற்றது, காரணம் லாகில், அதாவது சர்வீஸ் சொன்னதைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டில், இருக்கும். 'ஆக்டிவேட்டிங் (ஆட்டோ-ரீஸ்டார்ட்)' என்றால் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

சொந்த நிரலை சர்வீஸாக்குவது

குடில் நிரலுக்கான யூனிட் கோப்பு இவ்வளவுதான். /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் குடில்.சர்வீஸ் என்ற பெயரில் வைக்க வேண்டும்.

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=காளான் குடில் வெப்பநிலைப் பதிவு
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=காளான்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 /ஆப்ட்/குடில்/பதிவு.பிஒய்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=10

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் நிரலின் முழு முகவரியும் வேண்டும். டெர்மினலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் சிஸ்டம்டிக்குத் தெரியாது, வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்குறியும் இங்கே வேலை செய்யாது. முகவரி தவறினாலோ கோப்புக்கு இயக்க அனுமதி இல்லையென்றாலோ ஸ்டேட்டஸில் 203 என்ற எண் தெரியும். 217 வந்தால் யூசர் வரியில் எழுதிய பயனர் அந்தக் கருவியில் இல்லை. 200 வந்தால் வேலை ஃபோல்டர் இல்லை. இந்த மூன்று எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தகும்.

கடைசிப் பகுதியான இன்ஸ்டாலை விட்டுவிட்டால் செக்ரோலில் எழுத இடமே இருக்காது. எனேபிள் கொடுத்தாலும் பெயர் ஏறாது, இஸ்-எனேபிள்டு 'ஸ்டாட்டிக்' என்று சொல்லும்.

கோப்பை எழுதியதும், பிறகு எப்போது திருத்தினாலும், 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுங்கள். சிஸ்டம்டி கோப்புகளை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. இதைக் கொடுக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்தால் பழைய கோப்பின்படியே எழும். பெயர் ஒத்திருந்தாலும் 'ரீலோட்' வேறு: அது ஓடும் சர்வீஸை நிறுத்தாமல் அதன் சொந்த அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்வது, எல்லா சர்வீஸுக்கும் அந்த வசதி இருக்காது. ரீஸ்டார்ட் என்பது நிறுத்தி எழுப்புவது. நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் மரியாதையாகச் சொல்லி, இயல்பாக 90 விநாடி காத்திருந்து, அப்புறம்தான் வலுக்கட்டாயமாக முடிக்கும். ஒரு ஸ்டாப் கட்டளை ஒன்றரை நிமிடம் தொங்கினால் அதுதான் காரணம், பொறுமையாக இருங்கள்.

ஆப்ட் நிறுவிய சர்வீஸின் யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் போய்விடும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்தால் உங்கள் மாற்றம் தனிக் கோப்பில் சேமிக்கப்படும், அது நிலைக்கும்.

ஏன் விழுந்தது என்று லாகைக் கேளுங்கள்

சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸும் சொல்வதைக் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பேட்டைப் படிக்கும் கட்டளை ஜர்னல்சிடிஎல். 'ஜர்னல்சிடிஎல் -யு குடில் -பி' (இந்த பி, பூட் என்பதன் முதலெழுத்து) என்றால் இந்த முறை கருவி எழுந்ததிலிருந்து குடில் சர்வீஸ் சொன்னது மட்டும். '-பி -1' என்றால் அதற்கு முந்தைய முறை, அதாவது கரண்ட் போவதற்கு முன்பு நடந்தது. '-எஃப்' சேர்த்தால் வரிகள் வர வரத் திரையில் ஓடும்.

'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி' என்ற சிவப்பு வரி அடிக்கடி கண்ணில் படும். இதை நோயென்று நினைத்து அலசிக்கொண்டிருப்பார்கள். இது விளைவு மட்டுமே. இயல்பாக, 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பியும் நிலைத்து ஓடாவிட்டால் சிஸ்டம்டி கைவிடுகிறது. ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 0.1 விநாடிதான், எனவே ஐந்து வாய்ப்பும் ஓரிரு விநாடியில் கரைந்துவிடும். ரூட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகும் வீட்டில் இது போதாது. மேலே 10 என்று எழுதியிருப்பது அதற்குத்தான்: அந்த இடைவெளியில் ஐந்து முறை என்ற வரம்பைத் தொடவே முடியாது, வெற்றி பெறும்வரை முயன்றுகொண்டிருக்கும். உண்மையான காரணம் அந்தச் சிவப்பு வரிக்கு நாலைந்து வரி மேலே இருக்கும், அங்கே பாருங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு குடில்' கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம்.

'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' கொடுத்தால் ஒரே ஒரு வரிதான் வருகிறதா? பலமுறை எழுந்த கருவியில் அப்படி வந்தால், லாக் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது, கரண்ட்டோடு அதுவும் போகிறது என்று பொருள். மெமரி கார்டின் ஆயுளைக் காக்க ராஸ்பெர்ரி பையில் இப்படி அமைப்பதுண்டு. மாற்ற விரும்பினால் /ஈடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்.டி என்ற ஃபோல்டரில் (இல்லையென்றால் உருவாக்கி) 99-லாக்.கான்ஃப் என்று ஒரு கோப்பு வைத்து, [ஜர்னல்] என்ற தலைப்பின்கீழ் 'ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட்', 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=200எம்' (எம் பெரிய எழுத்து) என்று இரண்டு வரி எழுதிக் கருவியை ரீபூட் செய்யுங்கள். அப்படியும் சாதாரண வரிகள் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கார்டில் உறுதியாக எழுதப்படும். கரண்ட் போன நொடிக்கு முந்தைய கடைசிச் சில நிமிடம் லாகில் இல்லையென்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எனேபிள் செய்தும் எழாதபோது

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய நீலகிரி மலை இது. மின்சாரம் பிறக்கும் இடத்தில்தான் அது வீடு வந்துசேரும் வழி நெடுக மரமும் மண்சரிவும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இல்லை. திரும்பும்போது என்னென்ன எந்த வரிசையில் எழுகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் கருவியே எழ வேண்டும். ராஸ்பெர்ரி பை கரண்ட் கிடைத்ததும் எழும். மினி பிசி எழாது, பயாஸ் அமைப்பில் (கருவி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் திரும்பியதும் என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும், அதை 'பவர் ஆன்' என்று வைக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுகிறது, மலைக்கு இதைவிடப் பொருத்தமான சர்வர் இல்லை என்றே சொல்லலாம். மூடியைச் சாத்தினால் தூங்காமலிருக்க /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் வரியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள்.

அடுத்து வெளி ஹார்ட் டிஸ்க். எழுந்தவுடன் எந்த டிஸ்க் எங்கே மாட்டப்பட வேண்டும் என்ற பட்டியல் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறது. அதில் 'நோஃபெயில்' என்ற சொல் இல்லாமல் டிஸ்க் கிடைக்கவில்லை என்றால், 90 விநாடி காத்திருந்துவிட்டு முழுக் கருவியும் அவசர நிலையில் நின்றுவிடும், எஸ்எஸ்எச்கூடக் கிடைக்காது. நோஃபெயில் போட்டால் வேறொரு ஆபத்து. டிஸ்க் வராமலே படச் செயலி எழுந்து, டிஸ்க் இருக்க வேண்டிய வெற்று ஃபோல்டரில் எழுதத் தொடங்கும். அது மெமரி கார்டில் இருப்பதால் கார்டு நிரம்பும், எல்லா சர்வீஸும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். படங்கள் அழிந்துவிட்டதாகவும் தோன்றும். அதனால் நோஃபெயிலோடு சேர்த்து, டிஸ்க்கை நம்பியிருக்கும் சர்வீஸின் யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=' என்று எழுதி டிஸ்க்கின் இடத்தைக் கொடுங்கள். டிஸ்க் வந்தால்தான் சர்வீஸ் எழும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இந்த வரியைச் செய்யுங்கள்.

பிறகு கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4 வரை பேட்டரி கடிகாரம் கிடையாது. 5-இல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியே வாங்க வேண்டும். கரண்ட் போய் வந்ததும் கருவி கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும், இணையம் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். நடுவே குடிலின் பதிவில் இரவு பத்து மணி வெப்பநிலை எட்டு மணி என்று ஏறிவிடும். 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்தால் நேரம் ஒத்திசைந்ததா என்று தெரியும். 'சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்' என்ற சர்வீஸை எனேபிள் செய்து, ஆஃப்டர் வரியில் 'டைம்-சிங்க்.டார்கெட்' சேர்த்தால் நேரம் சரியான பிறகே பதிவு தொடங்கும். ஆனால் மரம் விழுந்ததில் ஃபைபரும் அறுந்திருந்தால் அது காத்துக்கொண்டேதான் இருக்கும். நேரம் தவறிய பதிவைவிடப் பதிவே இல்லாதது மேல் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

டாக்கருக்குத் தனி மேஸ்திரி

டாக்கர் என்பது செயலிகளை அவற்றுக்கு வேண்டியவற்றோடு கட்டிய பெட்டிகளாக ஓட்டும் ஏற்பாடு, பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர். சிஸ்டம்டியின் செக்ரோலில் டாக்கர் மட்டும்தான் இருக்கும். அதன்கீழ் வேலை செய்பவர்களின் கணக்கை டாக்கரே வைத்திருக்கிறது, காண்ட்ராக்ட் எடுத்தவர் தன் ஆட்களைத் தானே கூட்டிவருவதுபோல. எனவே 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டாக்கர்' பச்சையாக இருந்தும் உள்ளே ஒரு கன்டெய்னரும் ஓடாமல் இருக்கலாம். 'டாக்கர் பிஎஸ் -ஏ' கொடுத்துப் பாருங்கள்.

கன்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் ரீஸ்டார்ட் வரி எழுதாவிட்டால் டாக்கரின் இயல்பு 'நோ', அதாவது தானாக எழுப்பாது. வீட்டுக்கு 'அன்லெஸ்-ஸ்டாப்டு' பொருத்தம்: நீங்களே நிறுத்தியதை எழுப்பாது, மற்றதை எழுப்பும். 'ஆல்வேஸ்' என்றால் நீங்கள் நிறுத்தி வைத்ததும் அடுத்த முறை எழுந்துவிடும். வெளியேறிய கன்டெய்னருக்குப் பக்கத்தில் 137 என்ற எண் இருந்தால் அது வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது. நீங்கள் நிறுத்தவில்லை என்றால் பெரும்பாலும் நினைவகம் போதாத காரணம்.

சோதித்துப் பார்ப்பது

மழைக்கு முன்பே, வெயில் அடிக்கும் ஒரு பகலில் இதைச் செய்யுங்கள். முதலில் 'சூடோ ரீபூட்' கொடுத்து மூன்று நிமிடம் கழித்து உள்ளே போய் 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' என்று கேளுங்கள். பூஜ்யம் என்று வர வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் தோற்றவை மட்டுமே இருக்கும். செக்ரோலில் பெயரே இல்லாத சர்வீஸ் தோற்கவும் செய்யாது, சத்தமில்லாமல் இல்லாமல் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு செயலியையும் மொபைலில் திறந்தும் பாருங்கள்.

ரீபூட் செய்யும்போது ரூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, உண்மையான மின்தடையில் அப்படி இருக்காது. அதனால் இன்னொரு முறை: 'சூடோ பவர்ஆஃப்' கொடுத்து சர்வர் முழுவதும் அணைந்த பிறகு, சர்வர், ரூட்டர், ஹார்ட் டிஸ்க் மூன்றின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள். லேப்டாப் சர்வர் என்றால் பவர்ஆஃப் வேண்டாம், ரூட்டருக்கும் டிஸ்க்குக்கும் மட்டும் கரண்ட்டை நிறுத்த வேண்டும். டிஸ்க்கைப் பிடுங்குமுன் அதைப் பயன்படுத்தும் சர்வீஸை ஸ்டாப் செய்து டிஸ்க்கை அன்மவுண்ட் (கணினியிலிருந்து கழற்றிவிடுதல்) செய்துவிடுங்கள். அப்படி ஸ்டாப் செய்த சர்வீஸை டிஸ்க் வந்ததும் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எது எழவில்லையோ அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, 'ஜர்னல்சிடிஎல் -யு' கொடுத்து அதிலிருந்து ஆரம்பியுங்கள்.